எல்லா வேலையும் தெரிந்தவருக்கு எந்த லைசென்ஸ்?

வீட்டில் வரும் சின்னச் சின்னப் பழுதுகளை எல்லாம் ஒரே ஆளாகப் பார்த்துக் கொடுப்பவருக்கு ஆங்கிலத்தில் 'ஹேண்டிமேன்' என்று பெயர். நான் படித்த பிரெஞ்சில் 'ஓம் தூத் மேன்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எல்லாக் கைகளுமான மனிதர்' என்று வரும். தமிழில் இதற்கென்று ஒற்றைச் சொல் வைத்து யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் மோகனூரில் "அந்த ஒயரிங்காரரை வரச் சொல்லு" என்பார்கள். வருகிறவர் ஒயரிங் மட்டுமா பார்ப்பார்? சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவார், மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பார், கதவு கீல் அடிப்பார், மொட்டை மாடியில் விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவார், தண்ணீர்த் தொட்டி கழுவுவார். தேங்காய் விழுந்து ஓடு உடைந்தால் அதற்கும் அவர்தான்.

இப்படிப்பட்டவர் சட்டப்படி வேலை செய்ய என்ன உரிமம் வேண்டும், என்ன பதிவு வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சலிப்பான விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் வயதில் இவர்கள் இல்லாமல் நமக்கு ஒரு நாள் ஓடாது.

புதிதாக வாசிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் புதுச்சேரிக்காரன். பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சு வழியில். அதன்பின் புதுவை அரசில் எழுத்தர் வேலை. அதில் பாதிக் காலம் உரிமக் கோப்புகளோடு போயிற்று. ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான மோகனூருக்கு வந்துவிட்டோம். காவிரிக் கரை, வாழைத் தோட்டம், சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டி என்று பதினாலு வருடம் ஓடிவிட்டது. இன்னும் ஊரில் எனக்குப் 'பாண்டிச்சேரி சார்' என்றுதான் பெயர்.

நம் ஒயரிங்காரர் என் மனைவியை 'அக்கா' என்பார். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். முறைப்படி என்னை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் கவர்மெண்டு ஆபீசில் இருந்தவர் என்ற மரியாதையில் 'சார்' என்கிறார். நான் அவரைத் 'தம்பி' என்பேன். தம்பிக்கு வயது ஐம்பத்தேழு.

போன வருடம் ஆடி மாதத்தில், ஒரு வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு மாற்றும்போது பாசியில் ஏணி வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. கரூரில் மாவுக்கட்டு போட்டார்கள். மூன்று மாதம் கையை அசைக்கக் கூடாது, அதன்பின்னும் கனமான வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் வேலை செய்து தினமும் சாப்பிடும் குடும்பம் அது. அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஐயாயிரம் கொடுத்தார், கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எந்தக் கணக்கில் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஒரு வாரம் கழித்துத் தம்பியும் அவர் சம்சாரமும் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார்கள். "அக்கா சொன்னாங்க, சார் காயிதமெல்லாம் படிச்சுப் பாப்பாருன்னு" என்றார் அந்த அம்மா. கவருக்குள் ரேஷன் அட்டை நகல், பையனின் மார்க் ஷீட், ஒரு பழைய மின் கட்டண ரசீது, அவற்றுக்கு அடியில் மடங்கிப் போன ஓர் அடையாள அட்டை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் அட்டை. 2010-இல் யாரோ சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராக வந்து எழுதிக் கொடுத்தது. ஒருமுறை புதுப்பித்திருக்கிறார். அதற்குப் பிறகு கவருக்குள்ளேயே தூங்கிவிட்டது.

இந்த வாரியத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைந்தது. மத்திய அரசின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-இல்தான் வந்தது. அதாவது இந்த விஷயத்தில் நம் மாநிலம் முந்திக்கொண்டது. கொத்தனார், தச்சர், பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், கிணறு தோண்டுபவர் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அந்தப் பட்டியலில் உண்டு. 18 வயது முதல் 60 வயதுக்குள் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, விபத்து உதவி, இறந்தால் குடும்பத்துக்கு உதவி, 60 முடிந்ததும் மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி ஓய்வூதியம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? கட்டடம் கட்டும்போது கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று நல வரியாகப் பிடிக்கிறார்களே, அதிலிருந்துதான். அட்டையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் அட்டைக்குத்தான் உதவி.

தம்பியின் பையன் இந்த இடைவெளியில் பத்தாவது முடித்து, பன்னிரண்டு முடித்து, ஐடிஐ-யும் சேர்ந்துவிட்டான். மூன்றுக்கும் உதவி கேட்டிருக்கலாம். அட்டை செத்துப் போயிருந்ததால் கேட்க வழியில்லை. அதைவிடப் பெரிய விஷயம், இன்னும் மூன்று வருடத்தில் அவருக்கு அறுபது. அதற்குள் அட்டைக்கு உயிர் வந்தால்தான் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசவே முடியும். முறிந்த கையோடு அறுபதைத் தாண்டுகிறவருக்கு மாதம் ஆயிரம் என்பது மருந்துக்கும் ரேஷனுக்குமான காசு.

புதுப்பிக்க வேண்டுமானால் அவர் இந்தத் தொழில் செய்கிறவர்தான் என்று காட்ட வேண்டும். மத்தியச் சட்டம், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாளாவது கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது. இங்கேதான் நம் ஆளுக்குச் சிக்கல். ஒரு மேஸ்திரியிடம் வேலை பார்க்கும் சித்தாளுக்குச் சான்று தர மேஸ்திரி இருக்கிறார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருப்பவருக்குப் பட்டறை இருக்கிறது. காலையில் ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம், மத்தியானம் ஒரு தோட்டத்தில் மோட்டார், சாயந்திரம் இன்னொரு வீட்டில் டியூப் லைட் என்று ஓடுகிறவருக்கு யார் முதலாளி?

"ஏனுங்க சார், எனக்கு மொதலாளின்னு ஊருக்குள்ள முந்நூறு வீடு இருக்குதுங்க. கையெழுத்துன்னு கேட்டா ஒரு வீடு இல்லீங்க" என்றார் தம்பி. அவர் சொன்னது அப்படியே உண்மை. 'நம்மால் எதற்கு வம்பு' என்று எல்லோரும் ஒதுங்குவார்கள். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நம்மைப் பொறுப்பாக்கிவிடுவார்களோ என்ற பயம்.

சட்டம் என்பது தொழிலைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. எலக்ட்ரீஷியன் என்றால் ஒரு விதி, பிளம்பர் என்றால் ஒரு விதி, கொத்தனார் என்றால் ஒரு விதி. எல்லாவற்றையும் செய்கிற ஆளை அது கை கையாகப் பிரித்துத்தான் பார்க்கும். ஆகவே நாமும் கை கையாகப் பார்ப்போம்.

முதல் கை, மின்சாரம். இதில்தான் சட்டம் கண்டிப்பு. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதைச் சொன்னது. ஒரு வீட்டிலோ தோட்டத்திலோ மின் நிறுவல் வேலையை, அது புதிதாக இருந்தாலும், கூடுதலாக இருந்தாலும், பழுது பார்ப்பதாக இருந்தாலும், மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்யலாம். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் கண்காணிக்க வேண்டும். அனுமதி பெற்ற கம்பியாள்தான் கை வைக்க வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2010-இலும், பிறகு 2023-இலும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன. இந்தச் சாரம் மட்டும் மாறவில்லை. நம் மாநிலத்தில் இந்தச் சான்றுகளைக் கொடுப்பது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

அப்படியானால் பல்பு மாற்றக்கூட லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்த விதியிலேயே விலக்கு இருந்தது. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்சு, வீட்டு உபயோகச் சாதனங்கள் இவற்றை மாற்றிப் போடலாம். ஒரே நிபந்தனை, அந்த இணைப்பின் திறனும் தன்மையும் மாறக் கூடாது. பழைய சுவிட்சை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது சுவிட்சு போட்டால் அது மாற்றுதல். ஏசி வைப்பதற்காகப் பெட்டியிலிருந்து புதிதாக ஒரு லைன் இழுத்தால் அது நிறுவல். எழுத்தர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தெளிவாகக் கோடு போட்ட விதி அபூர்வம். நம் ஊர் ஒயரிங்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

மீட்டருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் அனுமதி இல்லை. கம்பத்தில் ஏறுவது மின்வாரிய ஆட்களின் வேலை. தோட்டத்துப் பக்கங்களில் இரவு ஃபியூஸ் போனால், லைன்மேன் வரத் தாமதமானால், "நீயே ஏறிப் போட்டு விட்டுடு தம்பி" என்பார்கள். அவரும் ஏறியிருக்கிறார். "கரும்புக்குத் தண்ணி காயுதுன்னு கெஞ்சுவாங்க சார், எப்படி மாட்டேங்கறது?" தவறி ஏதாவது நடந்திருந்தால், மின்வாரியமும் பொறுப்பேற்காது, கெஞ்சினவரும் பொறுப்பேற்க மாட்டார்.

இரண்டாவது கை, தண்ணீர். வீட்டுக்குள்ளே குழாய், வாஷர், தொட்டி இவற்றுக்கு ஒருவரும் அனுமதி கேட்பதில்லை. தெருவில் ஓடும் பேரூராட்சிக் குழாயில் புது இணைப்பு எடுப்பதோ, இருக்கும் இணைப்பை இடம் மாற்றுவதோ, சாலையை வெட்டுவதோ அலுவலகத்தில் மனுக் கொடுத்து அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. மனுக் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். ஆனால் இரவோடு இரவாகத் தோண்டி மாட்டிக்கொள்கிறவர் வேலைக்காரர்.

மூன்றாவது கை, கழிவுநீர்த் தொட்டி. இது அனுமதி வாங்கிச் செய்கிற வேலையே அல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி செப்டிக் டேங்குக்குள்ளோ சாக்கடைக்குள்ளோ பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். இறக்கியவருக்கு முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த வீட்டுத் தொட்டி என்று சொல்லித் தப்ப முடியாது. உள்ளே இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நம் தம்பியிடம் ஊரில் ஒருவர், "ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தருகிறேன், இறங்கி அடைப்பை மட்டும் எடுத்துவிடு" என்று கேட்டிருக்கிறார். மூடியைத் திறந்து அரை நாள் விட்டால் வாயு போய்விடும் என்று இரண்டு பேருமே நம்பியிருக்கிறார்கள். போகாது. கீழே கலக்கும்போதுதான் விஷவாயு கிளம்பும். நல்லவேளை, அன்றைக்கு மழை வந்து வேலை தள்ளிப்போயிற்று. அதற்குள் விஷயம் என் காதுக்கு வந்தது. உறிஞ்சும் லாரியை வரவழைக்கச் சொன்னேன். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு பத்தியை மறக்காதீர்கள்.

நான்காவது, ஐந்தாவது கைகளான தச்சு, பூச்சு, பெயிண்ட் வேலைகளுக்கு உரிமம் எதுவும் இல்லை. வாரியப் பதிவு மட்டும் இருந்தால் போதும்.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு வரலாறு நினைவுக்கு வந்தது. பழைய பிரான்சில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கத்தில் பல வருடம் பயிற்சி பெற்று, காசு கட்டி, பெரியவர்கள் ஒப்புக்கொண்டால்தான் தொழில் செய்ய முடியும். புரட்சி வந்தபின் 1791 மார்ச்சில் அந்தக் கட்டுகளை ஒழித்தார்கள். யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலும் செய்யலாம், 'பாதாந்த்' என்ற வரிச்சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்றார்கள். நம் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் வாங்குகிற தொழில் வரிக்கு அது தூரத்து உறவு. அதே வருடம் ஜூனில் இன்னொரு சட்டம் போட்டுத் தொழிலாளர்கள் சங்கம் சேரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். தொழில் செய்யச் சுதந்திரம் கிடைத்தது, துணைக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அதே பிரான்சு இன்று எப்படி இருக்கிறது? என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் பாரீசுக்குப் பக்கத்தில் இந்தத் தொழில்தான் செய்கிறான். 1996 ஜூலைச் சட்டப்படி அங்கே கட்டடம் கட்டுவது, பழுது பார்ப்பது, மின்சாரம், குழாய் இவற்றுக்கெல்லாம் தொழிற்கல்விச் சான்றோ மூன்று வருட அனுபவமோ வேண்டும். செய்த கட்டட வேலைக்குப் பத்து வருடம் பொறுப்பு, அதற்குக் காப்பீடு கட்டாயம். அது 1978-இலேயே வந்த சட்டம். அத்தனை கண்டிப்பான நாட்டில், எல்லாக் கைகளுமான நம் மனிதருக்கு ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள். படம் மாட்டுவது, திரைச்சீலைக் கம்பி அடிப்பது, பல்பு மாற்றுவது, மேசை நாற்காலி பூட்டுவது போன்ற, இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற, தனித் திறன் தேவைப்படாத வேலைகளை வீட்டுச் சேவை என்று தனியே பிரித்திருக்கிறார்கள். அதற்குப் பட்டயம் கேட்பதில்லை. எங்கே வாசல், எங்கே சுவர் என்று அவனுக்குத் தெரியும். "சித்தப்பா, குழாய் வேலை ஒன்று சேர்ந்து வந்தால் நான் தொடமாட்டேன், அதற்கு ஆள் வேறு" என்பான். அவனுக்கு அதனால் வருமானம் குறைவு, ஆனால் ராத்திரி தூக்கம் உண்டு.

சரி, நம் தம்பிக்கு வருவோம். முந்நூறு முதலாளிகள் விவகாரத்துக்கு நான் ஒரு வழி சொன்னேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். பக்கத்துக்கு ஐந்து கோடு. தேதி, வீடு, செய்த வேலை, கூலி, வீட்டுக்காரர் கையெழுத்து. கை சரியாகி இலேசான வேலைகளுக்குப் போக ஆரம்பித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் நோட்டை நீட்டச் சொன்னேன். முதல் பக்கம் முதல் கையெழுத்து என்னுடையது.

நோட்டு யோசனை வந்தபோதே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பிரான்சில் 1803-இலிருந்து தொழிலாளிக்கு 'லிவ்ரே' என்று ஒரு கையேடு இருந்தது. எங்கே எப்போது வேலை பார்த்தார் என்று முதலாளி அதில் எழுதுவார். அந்தக் கையேடு இல்லாமல் வேலை கிடைக்காது, ஊர் விட்டு ஊர் போனால் நாடோடி என்று பிடிப்பார்கள். வேலை பார்க்கும்வரை அது முதலாளி கையில் இருந்ததால், கடன்பட்டவர் வேலையை விட்டுப் போகவே முடியாது. 1890-இல்தான் அது ஒழிந்தது. ஒரே நோட்டு, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சங்கிலியாகவும் ஆகும், சாட்சியாகவும் ஆகும். அதனால் தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இந்த நோட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கையெழுத்து வாங்கினதும் உங்கள் பைக்குள் போக வேண்டும்."

முதல் வாரம் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். என் மனைவி களத்தில் இறங்கினாள். கோவிலுக்குப் போகும் வழியில் மறுத்த வீட்டு அம்மாக்களிடம், "உங்க வீட்டு மிக்சியை அவன்தானே சரி பண்ணினான், அதை எழுதிக் குடுக்க என்ன?" என்று கேட்டாள். அடுத்த வாரம் மூன்று பேரும் போட்டார்கள். தைப் பொங்கல் வரும்போது நோட்டில் தொண்ணூறுக்கு மேல் வரிகள் சேர்ந்துவிட்டன.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் தயங்காமல் பணிச்சான்று கொடுத்தார். இப்போது பதிவு, புதுப்பிப்பு எல்லாம் இணையத்தில். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் அடுத்த தடை. ஆதாரோடு இணைத்திருந்த செல் நம்பர் எப்போதோ காவிரியில் விழுந்துபோன போனுடையது. ஓடிபி எங்கே வரும்? நம்பரை மாற்ற ஒரு நாள். வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். அதைச் சரி செய்ய இன்னொரு நாள். நாமக்கல்லில் தொழிலாளர் உதவி ஆணையரின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்துக்கு மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அரை நாள் கூலி போயிற்று, எனக்குப் பொழுது போயிற்று. மாசி மாதம் அட்டை புதுப்பித்து வந்தது. அந்த அம்மா அதை வாங்கி ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்தார். அடுத்த புதுப்பிப்புத் தேதியைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் கரிக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த பதிவேடுகளில் அது ஒன்றும் மோசமில்லை.

மின்சாரக் கைக்கும் ஒரு வழி இருக்கிறது. அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை நடத்துகிறது. ஐடிஐ படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மின் ஒயரிங் தொழிலில் ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டியபோது தம்பி சிரித்துவிட்டார்.

"முப்பது வருசமா பண்றனுங்க சார். இப்பப் போயி பையனோட ஒக்காந்து பரீச்சை எழுதறதா?"

"பையனோடு உட்கார்ந்தால் என்ன? அவன் படிக்கிறதே எலக்ட்ரீஷியன் பிரிவு. அவனையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் தயங்கியதற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை. புது வீட்டுக்கு மின் இணைப்புக் கேட்கும்போது ஒயரிங் சரியாக இருக்கிறது என்று உரிமம் உள்ளவர் கையெழுத்து வேண்டும். வேலை முழுக்கச் செய்பவர் நம் தம்பி. வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுபவர் வேறு ஒருவர். அதற்கு ஒரு தொகை. பல ஊர்களில் இது வழக்கமாகிவிட்டது. இதில் யாருக்குப் பாதுகாப்பு? கையெழுத்துப் போட்டவருக்கு வீடு தெரியாது, வீடு தெரிந்தவருக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. எர்த் சரியாக அடித்திருக்கிறார்களா என்று அந்தத் தாள் சொல்லாது. உதவியாளர் சான்று கிடைத்தாலும் தம்பி தனியாக ஒப்பந்தம் எடுக்க முடியாது, அதற்கு மேலே இன்னும் படிகள் இருக்கின்றன. ஆனால் உரிமம் உள்ள ஒப்பந்ததாரரோடு சேர்ந்து, தன் பெயரிலேயே முறையாக வேலை பார்க்கலாம். முப்பது வருடமாக இல்லாத ஒரு பெயர் அவருக்குக் காகிதத்தில் வரும்.

இப்போது சாயந்திரங்களில் எங்கள் திண்ணையில் பாடம் நடக்கிறது. பையன் ஓம் விதியைச் சொல்லித் தருகிறான். அப்பா, "அதாண்டா, ஒயரு சன்னமா இருந்தா சூடாகும்" என்கிறார். செய்முறையில் அவருக்குப் பயமில்லை. எழுத்துத் தேர்வில் கேள்வியின் தமிழ்தான் பயமுறுத்துகிறது. 'மின்தடை' என்றால் அவருக்குக் கரண்ட் போவது. புத்தகத்தில் அது ரெசிஸ்டன்ஸ். அந்த மொழிபெயர்ப்பு வேலை என்னுடையது. பிரெஞ்சில் படித்துவிட்டுத் தமிழில் கோப்பு எழுதிய எனக்கு அந்தச் சிரமம் புரியும். அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடுகிறோம். தேர்வு நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே அரசு ஐடிஐ-யில் நடந்தால் நானும் கூடப் போவதாக உத்தேசம்.

வயதான வாசகர்களே, நம்மால் ஆகக்கூடியது மூன்று காரியம். ஒன்று, அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும் ஒயரிங்காரரிடமோ குழாய்க்காரரிடமோ வாரிய அட்டை இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். காப்பி கொடுக்கும்போது கேட்டால் போதும். இரண்டு, புது லைன் இழுப்பது, கம்பத்தில் ஏறுவது, செப்டிக் டேங்கில் இறங்குவது, இந்த மூன்றையும் அவசரம் என்று சொல்லி அவரிடம் கெஞ்சாதீர்கள். அவர் மறுக்க மாட்டார், அதுதான் ஆபத்து. மூன்று, செய்த வேலைக்குத் தேதி போட்டு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதனால் உங்கள் சொத்து ஒன்றும் குறையாது. அந்தச் சீட்டு தொண்ணூறு சேர்ந்தால் ஒரு மனிதர் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தொழிலாளியாகத் தெரிவார்.

நோட்டு வாங்க முடியாதவர்கள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாலும் செல்லும். பேனா மட்டும் நல்லதாக இருக்கட்டும்.